தெரிஞ்சிருக்கணும்

"தெரியாம நடந்துபோச்சு." ஒரு சாவுக்குப் பிறகு கைதான மனிதர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். டர்பனில் பெரியவர்கள் தமிழில் சொல்வார்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதையே ஆங்கிலத்தில் சொல்வார்கள். சொல்கிறவருக்கு அது முழு உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்கக் குற்றவியல் சட்டத்தின் காதில் அது ஐந்து விதமாக விழும். சாவு நேரும் என்றே தோன்றவில்லையா? தோன்றியது, ஆனால் விரும்பவில்லையா? அங்கே ஆள் நிற்பது தெரியாதா? செய்தது குற்றம் என்பதே தெரியாதா? இல்லை, அந்த நேரத்தில் தன் நிதானத்திலேயே இல்லையா? ஐந்துக்கும் ஐந்து விதி. ஒன்று விடுதலையில் முடியும், இன்னொன்று 15 ஆண்டுச் சிறையில் முடியும்.

சாட்சிகள் பக்கத்திலிருந்து வரும் வாக்கியம் வேறு: "அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்." இதில் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அவனுக்கு நிச்சயம் தெரிந்துதான் இருந்தது, வேறு எப்படி இருக்க முடியும்" என்பது ஒன்று. "அவன் அதை யோசித்திருக்க வேண்டும், யோசிக்காதது அவன் தப்பு" என்பது மற்றது. பேச்சுத் தமிழில் இரண்டையும் குரல்தான் பிரித்துக் காட்டும். நீதிமன்றத்தில் முதல் பொருள் கொலை. இரண்டாவது பொருள் கல்ப்பபிள் ஹோமிசைட், அதாவது கவனக்குறைவால் நேர்ந்த சாவு. இந்த நாட்டுக் குற்ற மனச் சட்டத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள் படித்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் அதே ஆங்கிலப் பெயரில் வருவது "கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம்". அங்கே அதற்கு உள்நோக்கமோ, சாவு நேரக்கூடும் என்ற அறிவோ வேண்டும். வெறும் கவனக்குறைவால் நேரும் சாவுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் 106. தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. இங்கே கொலைக்கு எழுதிவைத்த சட்டப்பிரிவே கிடையாது. ரோமன் டச்சுச் சட்ட மரபும் தீர்ப்புகளும் சேர்ந்து உருவாக்கிய வரையறைதான்: சட்டத்துக்குப் புறம்பாக, வேண்டுமென்றே ஒரு மனிதரைக் கொல்வது கொலை. சட்டத்துக்குப் புறம்பாக, கவனக்குறைவால் கொல்வது கல்ப்பபிள் ஹோமிசைட். பெயர் ஒன்று என்பதால் சென்னையிலிருக்கும் வக்கீல் உறவினரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வரும் ஆலோசனை இங்கே தலைகீழாகிவிடும். நல்ல எண்ணத்தில் செய்யும் தவறுதான், ஆனால் விலை பெரிது.

"வேண்டுமென்றே" என்பதற்குச் சட்டம் டோலஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. அதில் மூன்று படி. குறிவைத்துச் சுடுவது நேரடி டோலஸ். காப்பீட்டுப் பணத்துக்காகக் கடைக்குத் தீ வைக்கிறார், உள்ளே காவல்காரர் தூங்குவது தெரியும், அவர் சாக வேண்டும் என்று ஆசையில்லை, ஆனால் சாவது உறுதி. இது மறைமுக டோலஸ். இந்த இரண்டிலும் வாதம் அதிகம் எழாது. மூன்றாவது டோலஸ் எவென்சுவாலிஸ். உயர் நீதிமன்றங்களில் நாள்கணக்கில் நடக்கும் சண்டை இதைப் பற்றித்தான். இதற்கு இரண்டு பாதி: சாவு நேரலாம் என்ற நிஜமான சாத்தியத்தை அவர் தன் மனதில் கண்டிருக்க வேண்டும், கண்ட பிறகு "நடந்தால் நடக்கட்டும்" என்று அதோடு ஒத்துப்போயிருக்க வேண்டும். இரண்டாவது பாதியை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள்தான் அதிகம், வக்கீல்களிலும்கூட.

ஒரு கற்பனைக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸில் மாடி வீடு. இரவு இரண்டு மணி. கீழே கொல்லையில் காப்பர் குழாயைக் கழற்றும் சத்தம். வீட்டுக்காரர் மேலேயிருந்து பார்க்கிறார், ஒரு பையன் குழாயோடு ஓடுகிறான். கைக்குக் கிடைத்த அரைச் செங்கலை எடுத்து வீசுகிறார். தலையில் பட்டுப் பையன் இறந்துபோகிறான். தற்காப்பு என்று சொல்ல இடமில்லை, ஓடுகிறவன் தாக்கவில்லை. ஓடுகிறவனைப் பிடிக்க உயிர்போகும் அளவு பலம் பயன்படுத்துவதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. கடும் வன்முறை மிரட்டலோ, கடும் வன்முறைக் குற்றச் சந்தேகமோ இருந்து, வேறு வழியும் இல்லை என்றால்தான் அதற்கு இடம். காப்பர் குழாய்க்கு இல்லை. ஆக மிஞ்சுவது மனம் பற்றிய கேள்வி மட்டும்.

அவர் "ஓடுகிறவனைப் பயமுறுத்தத்தான் வீசினேன், சுவரில் பட்டுச் சத்தம் வரும் என்று நினைத்தேன்" என்கிறார். அரசுத் தரப்பு அவர் நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது. வெளியே இருக்கிறதைக் கொண்டுதான் உள்ளே இருந்ததைக் காட்டும். செங்கலின் எடை, மாடியின் உயரம், வெளிச்சம், எத்தனை மீட்டர் தூரம், எத்தனை முறை வீசினார், வீசும்போது என்ன கத்தினார், அதன் பிறகு என்ன செய்தார். ஆம்புலன்ஸுக்கு அழைத்தாரா, கதவைச் சாத்திக்கொண்டாரா. "செத்துத் தொலை" என்று கத்தியதை அடுத்த வீட்டு ஆயா கேட்டிருந்தால் அந்த இரண்டு சொல் செங்கலைவிடக் கனம். மாறாக, விழுந்தவுடன் கீழே ஓடித் துணியால் ரத்தத்தை அழுத்திப் பிடித்திருந்தால், ஒத்துப்போன மனம் என்ற வாதம் அங்கேயே தளர்ந்துவிடும்.

"இவ்வளவு பெரிய கல், இவ்வளவு உயரம், யாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே இவருக்கும் தெரிந்திருக்கும், ஆகவே தெரிந்திருந்தது." இப்படி ஒரு படிக்கட்டில் வழுக்கி இறங்குவது மிக எளிது. 1977-இல் பிராட்ஷா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எச்சரித்தது இதைத்தான்: காண வேண்டும், கண்டிருக்க வேண்டும், கண்டார் என்று படிப்படியாக நழுவிவிடக் கூடாது. 1967-இன் சிக்வாலா வழக்கு சொன்னதுபோல், சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம், ஆனால் மற்ற எல்லா நியாயமான ஊகங்களும் அடிபட்டு இது ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். தமிழ்ச் சாட்சி சொல்லும் "தெரிஞ்சிருக்கணும்" அந்த வழுக்குப் படி முழுவதையும் ஒரே சொல்லில் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது பாதியின் எடை எவ்வளவு என்பதற்கு ஹம்ப்ரீஸ் வழக்கைவிட நல்ல சான்று இல்லை. 2010 ஆகஸ்ட் 25, கேப்டவுனுக்கு அருகே பிளாக்ஹீத். பள்ளிப் பிள்ளைகள் 14 பேரை ஏற்றிக்கொண்டு போன மினிபஸ். ரயில் கடவையில் தடுப்புக்கட்டை இறங்கிவிட்டது, மற்ற வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையை முந்திக்கொண்டு தடுப்பைத் தாண்டினார் ஓட்டுநர். ரயில் மோதிப் பத்துப் பிள்ளைகள் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொலை என்றது, 20 ஆண்டு. 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மோதல் நேரலாம் என்பது அவர் மனதுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒத்துப்போனாரா? மோதினால் அவரும்தான் சாவார். முன்பும் அதே கடவையை அப்படித் தாண்டித் தப்பியிருக்கிறார். இந்த முறையும் தாண்டிவிடலாம் என்று நம்பினார், அந்த நம்பிக்கை முட்டாள்தனமானது, ஆனாலும் அது நம்பிக்கை. நேரட்டும் என்ற சம்மதம் அதில் இல்லை. கொலை போய் கல்ப்பபிள் ஹோமிசைட் ஆனது, 20 ஆண்டு 8 ஆனது.

பத்துக் குழந்தைகளின் தாய் தகப்பனுக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. இருந்தும் தீர்ப்பு சரி என்றே நான் கருதுகிறேன். துயரத்தின் அளவை வைத்து மனதின் அளவை எழுதத் தொடங்கினால் பெரிய விபத்தெல்லாம் கொலையாகிவிடும், சின்ன கொலையெல்லாம் விபத்தாகிவிடும்.

ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் வழக்கு எதிர்த் திசையில் போனது. 2013 பிப்ரவரி 14 அதிகாலை, பூட்டிய கழிப்பறைக் கதவு வழியாக நான்கு குண்டு. உள்ளே அவருடைய காதலி ரீவா ஸ்டீன்கேம்ப். திருடன் என்று நினைத்தேன் என்றார். 2014-இல் நீதிபதி மசிப்பா கல்ப்பபிள் ஹோமிசைட் என்றார். கதவுக்குப் பின்னால் ரீவா இருக்கிறார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டில் கேள்வியே தவறு என்றார்கள். யார் என்பது கேள்வி அல்ல, கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அந்தச் சின்ன அறையில் ஒதுங்க இடமில்லை, அத்தனை பலமுள்ள துப்பாக்கியால் நான்கு முறை சுட்டால் அவர் சாகலாம், அது தெரிந்தும் சுட்டாரா என்பதுதான் கேள்வி. தெரிந்துதான் சுட்டார். கொலை. ஆளை மாற்றி நினைத்ததால் கொலை மனம் மாறிவிடாது. தண்டனை முதலில் 6 ஆண்டு, பிறகு 2017-இல் 13 ஆண்டு 5 மாதம்.

ஒருவர் தாவித் தப்பிக்க நினைத்தார், மற்றவர் தப்பிக்க வழியில்லாத இடத்தை நோக்கிச் சுட்டார். ஒருவருடைய உயிரும் பணயத்தில் இருந்தது, மற்றவருடையது இல்லை. இந்த இரண்டு வழக்கையும் அருகருகே வைத்துப் படித்தவர்களுக்கு டோலஸ் எவென்சுவாலிஸ் பற்றி வேறு பாடம் அதிகம் தேவைப்படாது.

திருடன் பயம் நம் பகுதிகளில் நிஜம். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி போட்டுத்தான் தூங்குகிறோம். ஆகவே "தாக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்" என்ற வாதம் அடிக்கடி வரும். உண்மையில் தாக்குதல் இல்லை, ஆனால் இருப்பதாக மனப்பூர்வமாக நம்பினார் என்றால் கொலை மனம் அடிபடும். பிறகு அந்த நம்பிக்கை நியாயமானதா என்று பார்ப்பார்கள். நியாயமில்லை என்றால் கல்ப்பபிள் ஹோமிசைட், நியாயம் என்றால் விடுதலை. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1993-இல் தீர்ந்த டி ஒலிவேரா வழக்கில் வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே நின்றவர்களை நோக்கிச் சுட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. என்ன நம்பினார் என்பதை அவரைத் தவிர யார் சொல்ல முடியும்? பாதுகாப்பான வீட்டுக்குள்ளிருந்து எச்சரிக்கைகூட இல்லாமல் சுட்டவர் என்ற படம் மட்டும் மிஞ்சியது. கொலைத் தீர்ப்பு நிலைத்தது. மௌனம் உரிமைதான். ஆனால் உங்கள் வாதமே உங்கள் மனம் என்றால், அந்த மனதுக்கு வேறு சாட்சி கிடையாது.

கவனக்குறைவுக்கு வருவோம். இங்கே அவர் என்ன நினைத்தார் என்று கேட்பதில்லை. அவர் இடத்தில் நிதானமான மனிதர் இருந்திருந்தால் சாவு நேரலாம் என்று கண்டிருப்பாரா, கண்டு தடுக்க ஏதாவது செய்திருப்பாரா, இவர் அதைச் செய்யத் தவறினாரா. இந்த மூன்றும்தான். பழைய காலத்தில் இன்னொரு கொடிய விதி இருந்தது: சட்டவிரோதமான ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் அதிலிருந்து எது விளைந்தாலும் உன் தலையில். அந்த விதி நொறுங்கத் தொடங்கியது நகைத்தொழில் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும் ஒரு வழக்கில். வான் டெர் மெஷ்ட், 1962. தங்கமும் பாதரசமும் கலந்த கட்டியை வீட்டு அடுப்பில் வைத்து உருக்கினார்கள். பாதரச ஆவியில் உடனிருந்தவரும் அவருடைய நான்கு பிள்ளைகளும் இறந்தார்கள். அப்படி உருக்குவதே சட்டவிரோதம். ஆனாலும் சாதாரண மனிதர் அந்த ஆவியால் சாவு வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று சொல்லி மேல்முறையீட்டில் குற்றத்தீர்ப்பை நீக்கினார்கள். 1965-இல் பெர்னார்டஸ் வழக்கில் பழைய விதிக்கு முழுதாகவே விடை கொடுத்தாகிவிட்டது. வான் டெர் மெஷ்டின் இடத்தில் பரம்பரைத் தட்டார் ஒருவர் நின்றிருந்தால்? பாதரசப் புகையின் குணம் தொழிலோடு வருகிற அறிவு. அதே தீர்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது என்றுதான் சொல்வேன்.

தங்கம் என்றதும் டி ப்ளோம் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது, 1977. ஒரு பெண் விமானநிலையத்தில் பணத்தோடும் தன் நகையோடும் பிடிபட்டார், அந்நியச் செலாவணி விதிகளின்படி இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பணத்துக்கு அனுமதி வேண்டும் என்பது தெரியாது என்றதை நீதிமன்றம் நம்பவில்லை. தன் சொந்த நகையை எடுத்துப்போக அனுமதி தேவை என்பது தெரியாது என்றதை நம்பியது. நகைக் குற்றச்சாட்டில் விடுதலை. சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்ற பழமொழி அன்றோடு இந்த நாட்டில் செல்லாமல் போனது. உள்நோக்கம் தேவைப்படும் குற்றமென்றால், தான் செய்வது சட்டவிரோதம் என்ற அறிவும் அந்த உள்நோக்கத்துக்குள் அடக்கம். கல்யாணத்துக்குச் சென்னை போகும் குடும்பங்கள் இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். ஒரு தொழிலில் இறங்கியவர் அந்தத் தொழிலின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கிரே ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருப்பவர் உரிம விதி தெரியாது என்றால் கவனக்குறைவு போதுமான குற்றங்களில் மாட்டிக்கொள்வார்.

குடியைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு நம்பிக்கை உண்டு. குடித்திருந்தால் தண்டனை குறையும் என்பது ஒன்று, கூடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கிரெட்டியன் வழக்கில் விருந்தில் குடித்தவர் மினிபஸ்ஸைக் கூட்டத்துக்குள் ஓட்டினார். ஒருவர் இறந்தார், ஐந்து பேர் காயம். வண்டி வருவதைப் பார்த்து விலகிவிடுவார்கள் என்று போதையில் நினைத்தார். ஆகவே காயப்பட்டவர்களைப் பொறுத்தவரை உள்நோக்கம் இல்லை, விடுதலை. இறந்தவருக்காகக் கல்ப்பபிள் ஹோமிசைட். முற்றிலும் நிலைதப்பும் அளவு குடித்தவருக்குப் பொறுப்பே இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஊர் கொதித்தது. நாடாளுமன்றம் 1988-இல் 1-ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது: மதி மங்கும் என்று தெரிந்தே குடித்து, அதனாலேயே பொறுப்பிலிருந்து தப்புகிறவர் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளி, அதே தண்டனை கொடுக்கலாம். ஆனால் ஓட்டை அடையவில்லை. பாதி போதையில் இருப்பவருக்கு மதி இருக்கிறது, ஆகவே இந்தச் சட்டம் தொடாது. போதையால் உள்நோக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், தாக்குதல் போன்ற குற்றங்களுக்குக் கவனக்குறைவு வடிவம் கிடையாது என்பதால், அவர் நடந்து வெளியே போவார். முழுப் போதைக்காரர் மாட்டுவார், அரைப் போதைக்காரர் தப்பலாம். முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இதைத் திருத்தாமல் விட்டிருப்பது நியாயமே இல்லை.

"கோபத்தில் கண் தெரியவில்லை" என்பதற்கு இப்போது கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. 2002-இல் ஈடி வழக்கில், சாலையில் வந்த தகராறில் ஹாக்கி மட்டையால் ஒருவரை அடித்துக் கொன்றவர் தன்வசம் இழந்துவிட்டதாக வாதிட்டார். தன்வசம் இழப்பது வேறு, கோபத்துக்கு இடங்கொடுப்பது வேறு என்றது நீதிமன்றம். மனநோய் தனிப் பாதை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி எல்லோரும் தெளிந்த மனதோடு இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்கிறவர் நிரூபிக்க வேண்டும். 79-ஆம் பிரிவின் கீழ் ஒரு தடவைக்கு 30 நாள் வரை கண்காணிப்புக்கு அனுப்புவார்கள். நம் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்கின் ஃபோர்ட் நேப்பியர் மருத்துவமனை அதற்கு. மனநோயால் பொறுப்பில்லை என்று தீர்ந்தாலும் கொலை போன்ற வழக்குகளில் வீட்டுக்குத் திரும்புவது உடனே நடக்காது, அரசுப் பராமரிப்பு நோயாளியாக வைப்பார்கள். இந்த வாதம் சுலப வழி என்று நினைத்து வக்கீலை நெருக்குகிற குடும்பங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தண்டனையில் மனம் மறுபடியும் வருகிறது. 1997-இன் 105-ஆம் இலக்கச் சட்டப்படி திட்டமிட்ட கொலைக்கும் சட்டம் பட்டியலிடும் வேறு சில கொலைகளுக்கும் ஆயுள், மற்றக் கொலைக்கு முதல் குற்றவாளி என்றால் குறைந்தது 15 ஆண்டு, வலுவான தனிக் காரணம் காட்டினால்தான் குறையும். கல்ப்பபிள் ஹோமிசைட்டுக்குக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை. திட்டமிடுதல் என்றால் வாரக்கணக்கில் சதி என்று நினைக்க வேண்டாம். 2014-இல் கெகானா வழக்கில் சில நிமிடங்களே போதும் என்றார்கள். வராந்தாவில் சண்டை, ஒருவர் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த புஷ் நைஃபை, அதாவது நீளமான வெட்டுக்கத்தியை, எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். அந்தப் போய்வந்த இருபது அடியைத்தான் அரசு வக்கீல் அளப்பார்.

அந்த இருபது அடி வழக்குக்குள் வருவது பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்வழியாகவே. காவல் நிலையத்தில் உரிமைகளை வாசித்துக் காட்டிவிட்டு எழுதும் வாக்குமூலத்தில் "கோபத்தில் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தேன்" என்று ஒரு வரி. உண்மையைத்தான் சொன்னார். ஏன் எடுத்தார், பயமா, மிரட்டவா, எதிராளி கையில் என்ன இருந்தது, எதுவும் அதில் இல்லை. பிறகு சாட்சிக் கூண்டில் அதையெல்லாம் சொன்னால் "இப்போது சேர்க்கிறார்" என்பார்கள். அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு பேசாமல் இருக்கும் உரிமையையும், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும், 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்கு வரும் உரிமையையும் தருகிறது. வக்கீல் வரும்வரை பெயர், முகவரி, அதற்கு மேல் வேண்டாம்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் கவனம் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின் கீழ் எழுதித் தரும் அறிக்கையில் மனநிலைக்கு ஒரு பத்தி இருக்கும். "சாவு நேரலாம் என்று கண்டேன், அதோடு ஒத்துப்போனேன்" என்று இருந்தால் அது கொலை. "கண்டிருக்க வேண்டும், காணத் தவறினேன்" என்று இருந்தால் கல்ப்பபிள் ஹோமிசைட். கொலைக் குற்றச்சாட்டில் அதை ஒப்புக்கொண்டு அரசு வக்கீலும் ஏற்றால் அதோடு முடியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பத்தியை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறாகப் போய்விட்டால், தண்டனை விதிப்பதற்கு முன் 113-ஆம் பிரிவின்படி திருத்த இடமுண்டு, ஆனால் ஏன் மாற்றுகிறீர்கள் என்று குடைவார்கள்.

தமிழில்தான் தடுமாறாமல் பேச வரும் பெரியவர் சாட்சியாகவோ குற்றம் சாட்டப்பட்டவராகவோ வந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்கக் கூடாது. வீட்டு ஆங்கிலம் போதும் என்று பேரன் சொல்வான், சந்தையில் போதும், இங்கே போதாது. நாட்டின் அரசியலமைப்பு 6-ஆம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி மதிக்கிறது, 35-ஆம் பிரிவு புரியும் மொழியில் விசாரணையையோ மொழிபெயர்ப்பையோ உரிமையாகத் தருகிறது. முதல் நாளே வக்கீல் வழியாகச் சொல்லிவைத்தால்தான் ஆள் ஏற்பாடாகும், விசாரணை நாளன்று கேட்டால் வழக்கு தள்ளிப்போகும். மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகும், பெரியவர் "தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லும் அந்த நொடியில் வக்கீல் எழுந்து, எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரிடமே மறுபடி கேட்கச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பதிவேட்டில் அதுவே நிற்கும்.